மேபலுக்கு வச்ச சின்னக் கதவு

நோலா பெதரிக் மாதிரி ஒரு வாய்க்காரியை நான் பார்த்ததில்ல. குவீன்ஸ்லாந்து வடக்குல ஒரு மாட்டுப் பண்ணை. அங்க எனக்குச் சமையல் வேலை, அவங்களுக்குக் கன்னுங்களைப் பால் மறக்கடிக்கிற வேலை. ரெண்டு பேரும் அங்கயே நரைச்சவங்க. நோலாக்கா முதலாளியையே "உனக்கு மாடும் தெரியல, மனுசனும் தெரியல, போய் ஃபேனுக்குக் கீழ உக்காரு"ன்னு விரட்டுவாங்க. என் ரொட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "இதை வேலிக்கு முட்டுக் குடுக்கலாம்ப்பா"ன்னு சொல்லாத நாள் கிடையாது. கன்னுங்ககிட்ட மட்டும் அந்த வாய் வேற.

பால் மறக்கடிக்கிற வாரம் பண்ணையில ஒருத்தனும் தூங்க முடியாது. கன்னுங்க ஒரு பட்டியில, தாய்ங்க வேலிக்கு அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே கதறல். ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்த குட்டிங்க, தொட்டியைக் கண்டுச்சா, கட்டுப்புல்லைக் கண்டுச்சா? தண்ணி மூக்குக்கு முன்னால இருக்கும், அதுங்க பாட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலியோரமே நடக்கும். நோலாக்கா பட்டிக்கு நடுவுல ஒரு டின்னைக் கவுத்துப் போட்டு உக்காந்து குதிரைப் பந்தயச் செய்தியைச் சத்தமா வாசிப்பாங்க. மனுசக் குரல் பழகணுமாம். "கேட்டியாடா செவலை, நான் கட்டுன குதிரை இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்காம்"னு நடுவுல பேச்சு வேற.

ஆனா கன்னுங்க நம்புறது மேபலைத்தான். மேபல் ஒரு கிழட்டு மாடு. நோலாக்கா புட்டியில பால் குடுத்து வளத்தது. அது பட்டிக்குள்ள அசைஞ்சு அசைஞ்சு வந்து தொட்டியில வாய் வைக்கும். அதைப் பார்த்து ஒண்ணு வாய் வைக்கும், அப்புறம் பத்து. அன்னிக்கே பாதிக் கதறல் அடங்கிடும்.

மேபலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல்லு தேய்ஞ்ச தாய் மாடுங்களைக் கன்னைப் பிரிச்ச கையோட லாரியில ஏத்தி அனுப்பிடுவோம். எங்க போகுதுன்னு கேக்க வேண்டியதில்ல. லாரியில ஏத்துற சாய்மேடையைக் கண்டாலே அதுங்க காலை ஊனிக்கும். நோலாக்கா வாளியைத் தட்டுவாங்க, மேபல் முன்னால ஏறும், மத்ததெல்லாம் பின்னாலயே ஏறும். மேடை உச்சியில, லாரிக்கு முன்னால பக்கவாட்டுல ஒரு சின்னக் கதவு. மேபல் அது வழியா வெளிய வந்து வாளியில இருக்கிற வெல்லப்பாகை நக்கும். வருஷக்கணக்கா இப்படித்தான்.

அந்த வருஷம், ஏத்துற அன்னிக்குக் காலையில ஒரு கன்னு அந்தச் சின்னக் கதவை முட்டித் தொறந்து ஓடிடுச்சு. நோலாக்காவே கம்பியைப் போட்டு இறுக்கிக் கட்டினாங்க. அப்புறம் அவிழ்க்க மறந்துட்டாங்க.

அன்னிக்கு ஒரு கோணக்கொம்பு மாடு மேடையடியில படுத்துக்கிச்சு. செவலைக்கன்னு இருந்துச்சே, அதோட தாய். நோலாக்கா வாளியைக் கீழ வச்சுட்டு அதை எழுப்பத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. புழுதின்னா புழுதி, எதிர்ல ஆள் தெரியல. எல்லாம் ஏறினதும் டிரைவர் டாரில் பின்கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டான்.

மத்தியானம் நோலாக்கா கன்னுங்க பட்டியில விட மேபலைத் தேடினாங்க. காணோம். நேரா சாய்மேடைக்கு ஓடினாங்க. கம்பி கட்டினது கட்டினபடியே இருந்துச்சு, கதவோரம் மேபலோட முடி ஒட்டியிருந்துச்சு. நோலாக்கா அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "அவ இங்க நின்னிருக்காப்பா. நான் தொறப்பேன்னு நின்னிருக்கா"ன்னாங்க.

டாரிலுக்கு அடிச்சா லைன் கிடைக்கல. அந்த ரோட்டுல பாதி தூரம் சிக்னலே இல்ல. கறிக்கூடத்துல ஃபோன் மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க நாதியில்ல. விடிஞ்சதும் வெட்ட ஆரம்பிச்சுடுவாங்க. இங்க கன்னுங்களோ முந்தின நாள்லேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. வேலி கட்டுற பையன்களைத் தண்ணி வாளியோட நிக்கச் சொல்லிட்டு ரெண்டு பேரும் பிக்கப்புல பறந்தோம். வழியில ஒரு டயர் வெடிச்சுது, அப்புறம் ஸ்டெப்னியும் வெடிச்சுது. யாரோ புண்ணியவான் டயர் குடுத்து நாங்க போய்ச் சேர்றப்ப மறுநாள் நல்லா வெயில் ஏறிடுச்சு. உள்ள வேலை நடக்குற சத்தம் கேட்டுச்சு. நோலாக்கா இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சு இறக்கினேன்.

கெவ்னு ஒருத்தன் அங்க பட்டிக்காரன். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சான். "அந்த மாடா? அது நல்லாத்தான் இருக்கு."

நோலாக்கா வேலியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"காலையில உங்க மாடுங்க ஒண்ணுகூட உள்ள நகரல. ரத்த வாடை பாரு"ன்னான் கெவ். "இது தானா முன்னால நடந்துச்சும்மா. எல்லாம் வரிசையா பின்னாலயே போச்சு. வாசல்கிட்ட பக்கத்துல ஒரு கதவு இருக்கு, அங்க போய் நின்னுக்கிட்டு என்னையே பார்க்குது. தொறந்துவிட்டேன். அதுலேர்ந்து மூணு நடை போயிட்டு வந்துடுச்சு. வேற பண்ணை மாடுங்களையும் கூட்டிட்டுப் போச்சு. எங்களுக்கே குடுத்துடுறீங்களா?"

அவன் சொல்லி வாய் மூடல, அந்தப் பக்கக் கதவு தொறந்துச்சு. மேபல் வெளிய வந்துச்சு. வாயில ஒரு ரொட்டித் துண்டு, அசை போட்டுக்கிட்டே வருது. நோலாக்காவைப் பார்த்ததும் நேரா வந்து வாளி இருக்கான்னு கையை மோந்துச்சு.

மேபல் கூட்டிட்டுப் போனதுல என்ன புதுசு, சாகத்தான்னு தெரிஞ்சே நாங்க ஏத்திவிட்ட மாடுங்கதானேன்னு நீங்க கேக்கலாம். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆனாலும் மேபலைத் தட்டிக் குடுக்க எனக்குக் கை வரல.

மேபலை ஏத்திட்டு வர கெவ் ஒரு வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுத்தான். பாதி வழியில நோலாக்கா, "கோணக்கொம்பி முதல் நடையிலயே போயிருக்கும், இல்ல?"ன்னாங்க.

பண்ணையில கன்னுங்க தொண்டை கட்டிப்போய் வெறும் காத்துதான் வந்துச்சு. வேலிப் பையன்கள் வாளியை நீட்டி நீட்டி ஓய்ஞ்சு போயிருந்தாங்க. நோலாக்கா பட்டிக் கதவைத் தொறந்தாங்க. மேபல் ஒண்ணுமே நடக்காதது மாதிரி அசைஞ்சு உள்ள போச்சு. வேலியோரம் நின்னதெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி அது பின்னால சேர்ந்துச்சு. முதல்ல ஓடினது அந்தச் செவலைதான். மேபலோட விலாவுல ஒட்டிக்கிட்டு தொட்டியில வாய் வச்சு, மூச்சு விடாம உறிஞ்சுச்சு.

"குடிச்சிடுச்சுக்கா. இனி பொழைச்சுக்கும்"னேன்.

"இவன் அம்மாவும் இப்படித்தான் அவ பின்னால போயிருக்கும்"னாங்க.

மேபல் தண்ணி குடிச்சு முடிச்சுட்டு வந்து, வெல்லப்பாகுக்காக அவங்க முன்னால நின்னுச்சு. நோலாக்கா கையில வாளி இருந்துச்சு. நீட்டல.