ஈசலும் சீம்பாலும்

டெல்லி முனிர்காவில் நானும் அவளும் ஒரே அறையில் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியும் ஒருத்தி சமைத்ததை இன்னொருத்தி தொட்டதில்லை. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு மன்னார்குடிப் பக்கம். அவளுக்கு நாகாலாந்து. எங்கள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. வெளியே மொட்டைமாடி ஓரமாகத் தகரம் போட்ட ஒரு சமையல் மூலை. அடுப்பு ஒன்றுதான். அவள் சமைக்கும்போது நான் துணி மடிப்பேன். நான் சமைக்கும்போது அவள் வீட்டுக்கு ஃபோன் பேசுவாள். சண்டையெல்லாம் கிடையாது. அவள் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று எனக்குத் தயக்கம், அவ்வளவுதான்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா சுத்த சைவம். ஹரியானாக்காரர். அறையைக் கொடுக்கும்போதே, "என்ன வேணா சாப்பிடுங்க பேட்டா, என் மூக்குக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று சொல்லியிருந்தார். அதனால் அவர் கோயிலுக்குக் கிளம்பியதும் அவள் புளித்த சோயாப் பொட்டலத்தைப் பிரிப்பாள். நானும் அதே நேரத்துக்காகத்தான் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். எத்தனையோ தரம் அடுப்படியில் முட்டிக்கொண்டிருக்கிறோம். "நீ முதல்ல" என்பாள். "இல்ல, நீயே" என்பேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் லேபில் வேலை பார்க்கும் ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழர். அவள் எதிரில் இருக்கும்போதே, தமிழ் அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில், "சிஸ்டர், இவங்ககூட ஒரே கிச்சனா? டாக் எல்லாம் சாப்பிடுவாங்களாமே, சச்சியா, நிஜமாவா?" என்று கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே இந்தியில் பதில் சொன்னாள்.

"'டாக்'ங்கற வார்த்தை எனக்குப் புரியும் அண்ணா. எங்க பக்கம் சிலர் சாப்பிடுவாங்க. எங்க வீட்டுல இல்ல. எங்க அப்பா நாய்க்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்."

அவர் அசடு வழிந்து எழுந்து போனார். அவளோ ஒன்றும் நடக்காதது போல ராஜ்மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். 'எங்கள் வீட்டில் சாப்பிடுவதை மட்டும் இவரிடம் சொல்லிவிட முடியுமா?' என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடியது.

அந்த வருஷத்து முதல் பெருமழை ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. இருட்டும் நேரத்தில் சமையல் மூலையின் டியூப் லைட்டைப் போட்டேன். எதிர்ப்புறப் பூங்காவிலிருந்து ஒன்றிரண்டாக வந்தது, பிறகு புகை மாதிரி வந்தது. ஈசல்! நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்துபோய்ப் பெரிய பேசினை எடுத்துத் தண்ணீர் பிடித்து லைட்டுக்கு அடியில் வைக்கக் குனிந்தேன். என் தலை இன்னொரு தலையில் மோதியது. அவள் குளிக்கும் பக்கெட்டில் தண்ணீரோடு அதே இடத்தில் குனிந்து நின்றாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீயுமா?" என்றாள்.

"நீயுமா?" என்றேன்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம் பாருங்கள், தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஈசல்கள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தன. வறுக்கும் பக்குவம் எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏண்டி, டெல்லியிலயா ஈசல் வருது?" என்று அம்மா கத்தியது அவளுக்கும் கேட்டது. "தண்ணிய நல்லா வடிச்சிட்டு, எண்ணெ ஊத்தாம வறு. எறகு தனியா வந்துரும், பொடச்சுத் தள்ளிடு. கொஞ்சம் அரிசியும் வறுத்துக் கலந்துக்க. ஆமா, அந்தப் பொண்ணு திங்குமா?"

"அவதாம்மா பாதிய புடிச்சா!"

"அப்ப நல்ல பொண்ணுதான்" என்று அம்மா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வறுத்த அரிசியும் ஈசலும் உப்பும் காரமுமாக ஒரே தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் நாங்கள் உண்மையிலேயே பேசினோம். வயல் நத்தை என்றேன். "எங்களுக்கும் உண்டு! ஓட்டோட வேகவெச்சு அப்படியே உறிஞ்சுவோம்" என்றாள். எங்கள் வீட்டில் ஓட்டிலிருந்து எடுத்து மிளகு போட்டு வதக்குவோம் என்றேன். வயல் எலி என்று மெதுவாகச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்தேன். ஊரில் பள்ளிக்கூடத்திலேயே நான் வெளியில் சொல்லாத வார்த்தை அது. அவள் கண் விரிந்தது. "சுட்டா, குழம்பா?" என்று மட்டும் கேட்டாள். பட்டுப்புழு எப்படி வெண்ணெய் மாதிரி கரையும் என்று அவள் சொன்னபோது நான் நெளிந்தேன். "அடுத்த தரம் ஊருக்குப் போனா கொண்டு வரேன், நீ கண்ண மூடிட்டுச் சாப்பிடு" என்றாள்.

வாசனை கீழே போய்விட்டது. வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். "என்ன பேட்டா வறுக்கறீங்க, கடலையா? கமகமன்னு வருதே!"

அவள் தட்டை நீட்டி உண்மையைச் சொல்லிவிட்டாள். "விளக்குப் பூச்சி, ஆன்ட்டிஜி."

"ராம் ராம்!" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். போனவர் கீழே இறங்கவில்லை. தூரத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படித்தான் இருக்கும் அது?" என்று விசாரிக்கத் தொடங்கினார். கடைசிவரை தொடவில்லை. கிளம்பும்போது, "வாசனை மோசமில்ல" என்றார்.

அடுத்த வாரம் அவருடைய தம்பி வீட்டில் எருமை கன்று போட்டது. முதல் பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, கட்டி கட்டியாக இரண்டு கிண்ணத்தில் எடுத்து வந்தார். எனக்கு அதைப் பார்த்ததுமே வாயூறியது. எங்கள் ஊர்ச் சீம்பாலேதான்.

அவள் கிண்ணத்தை முகர்ந்தாள். "இது என்ன?"

"கன்று போட்டதும் கறக்கற முதல் பால்" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. புழுவும் பூச்சியும் ரசித்துச் சாப்பிடுகிறவள், கரண்டி நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் கோக்க விழுங்கினாள். "நல்லா இருக்கு ஆன்ட்டிஜி."

"ஜூட்! பொய் சொல்லாதே!" வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூச்சி எறங்குது, பால் எறங்கலையா உனக்கு?"

"கன்னுக்குட்டிக்குச் சேர வேண்டியதை நாம எப்படிச் சாப்பிடறது? எங்க வீட்டுல பாலே வாங்க மாட்டாங்க. கறுப்பு டீதான்."

வீட்டுக்கார அம்மாவின் சிரிப்பு நின்றது. நிஜமான இரக்கத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாலே குடிக்காமலா? பின்ன எப்படி இவ்வளவு திடமா வளர்ந்தே?"

அவள் கிண்ணத்தை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள். "பன்றி, ஆன்ட்டிஜி."

வீட்டுக்கார அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் இரண்டாவது கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.