கடலில் கிடைக்காத லைன்

ஒரு விடுகதை. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும். இருக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை. போன பிறகுதான் எல்லாரும் அதன் பெயரைச் சொல்வார்கள். அது என்ன? பினாங்கில் கேட்டால் உடனே சொல்வார்கள்: லைன், அதாவது கைத்தொலைபேசிக்குக் கிடைக்கும் சிக்னல். தொண்ணூறுகளின் நடுவில், டத்தோ கிராமாட்டில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நான் விற்றது அதைத்தான். கண்ணுக்குத் தெரியாததை வாயால்தான் விற்க வேண்டும். கடை வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

வாசலில் ஒரு சோதனை

பழைய அனலாக் போன் போய்ப் புதிய டிஜிட்டல் வந்துகொண்டிருந்த நேரம். இவ்வளவு பணம் போட்டு மாற்றத்தான் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி, கூட வந்தவரைக் கடையின் பின்பக்கம் அனுப்பிப் பேசவைப்போம். அத்தனை தெளிவாகக் கேட்கும். கேட்காமல் என்ன? டவர் எதிர்க் கட்டடத்தின் மாடியில்தான் இருந்தது.

குணா அண்ணன் துறைமுகத்துக்கு வெளியே தூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குப் படகில் காய்கறி, இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பவர். மனைவி லட்சுமி அக்காவுக்கு இதய நோய். அதனால் அண்ணனுக்கு இருந்தது ஒரே கேள்வி. "கடல்லே லைன் இருக்குமா தங்கச்சி? பழசு இரையும், ஆனா அங்கேயும் கிடைக்கும்." விளம்பரத் தாளின் வரைபடத்தில் தீவைச் சுற்றிக் கடலுக்கும் பச்சை அடித்திருந்தது. அதில் விரலை வைத்து, "இருக்கும் அண்ணே" என்றேன்.

பின்பக்கத்திலிருந்து லட்சுமி அக்கா பேசினார். வாசலில் நின்ற அண்ணன் சிரித்துக்கொண்டே போனை என் காதில் வைத்தார். "இனிமே நான் மூச்சு வாங்குறதுகூட உங்களுக்குக் கேட்டுரும். பொய் சொல்ல முடியாது."

முதலாளியின் பதில்

இரண்டு வாரத்தில் அண்ணன் திரும்பி வந்தார். கப்பல் நிற்கும் இடத்தில் லைன் சுத்தமாக இல்லை. பழைய போனையே கொடுங்கள் என்றார். அது அலமாரியில்தான் கிடந்தது. ஆனால் பழைய இணைப்பை நாங்கள் வெட்டிவிட்டோம். அதில் புதிதாக யாரையும் சேர்ப்பதைத் தொலைபேசி நிறுவனம் நிறுத்தியிருந்தது. வரைபடத்தில் விரல் வைத்தவள் நான்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் சீன முதலாளி நல்ல மனிதர். குளிர்பானம் வாங்கிவரச் சொல்லி, அண்ணனின் தோளில் கைபோட்டார். "சாபார்லா குணா. ஆறு மாசம் பொறு. டவர் வந்துரும்."

நான்கு அழைப்புகள்

ஆறு மாதம் ஆகவில்லை. ஒரு நண்பகலில், ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், லட்சுமி அக்கா சமையலறையில் விழுந்துவிட்டார். கூட இருந்தது ஏழு வயது மகள் வித்யா மட்டும். அவள் அப்பாவின் எண்ணைச் சுழற்றினாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் குரல் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. அது பதிவு செய்த குரல் என்று பிள்ளைக்குத் தெரியாது. அம்மா விழுந்துவிட்டார், அப்பாவைக் கூப்பிடுங்கள் என்று அந்தக் குரலிடம் நான்கு முறை கெஞ்சியிருக்கிறாள். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மருத்துவமனையில் உயிர் இல்லை என்றார்கள். அண்ணனின் படகு கரையை நெருங்கியபோதுதான் அவர் போன் ஒலித்தது.

காரியம் முடிந்து கடைக்கு வந்தார். போன் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நன்றாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், போகாமல் நின்றார். "பிள்ளை தினமும் கேக்குறா தங்கச்சி, 'அந்த ஆன்ட்டிகிட்டே அத்தனை தடவை சொன்னேனே, ஏம்பா உங்ககிட்டே சொல்லலே?'ன்னு."

புதிய டவர்

டவர்கள் வந்தன. ஒருநாள் குணா அண்ணன் கப்பல் பக்கத்திலிருந்தே கடைக்குப் பேசினார். பின்னால் கடற்காற்று இரைவதுகூடக் கேட்டது. புதிய வலையமைப்பு போட்ட முதலுக்குத் தகுமா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், தகும் என்றுதான் சொல்வேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வாரமே வித்யாவைக் கூட்டிவந்தார். தைப்பிங்கில் இருக்கும் சித்தி அவளை வளர்க்கக் கேட்டிருந்தார். அண்ணனுக்கு அனுப்ப மனமில்லை. கடையில் இருந்ததிலேயே சிறிய போனை எடுத்து மகள் கையில் கொடுத்து, அவள் உயரத்துக்குக் குனிந்தார். "இது உன் பையிலே. என்னுது என் கையிலே. இப்போ கடல்லேயும் கிடைக்குதுமா, அப்பா நூறு தடவை பேசிப் பார்த்துட்டேன். ஸ்கூல் விட்டா பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க. அப்பாகூட இருக்கியா, சித்தி வீட்டுக்குப் போறியா? நீயே சொல்லு."

வித்யா போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.