வெள்ளைத்துரையைத் தீவுக்கு அனுப்பிய செல்லக்கிளி

பயணம் போகிறவர்களைக் கண்டாலே செல்லக்கிளிக்கு ஆகாது. அவள் பிழைப்போ அவர்களை அனுப்பிவைப்பதுதான். மதுரை மேலவெளி வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, தெருவிலிருந்து நாலு படி இறங்கிப் போகவேண்டிய ஆண்டிச்சாமியின் டிராவல்ஸில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எண்பதுகள் பிறந்திருக்கவில்லை. கோச்சடையில் பிறர் வயலில் நாற்று நட்ட ராமக்காளின் மகள் அவள். டைப்ரைட்டிங் தேறியவள். ரயில் எது, விமானம் எது, எங்கே இறங்கி எதில் மாறினால் விடியுமுன் ஊர் சேரலாம் என்பதெல்லாம் அவளுக்கு அந்த மேஜையில்தான் பழகியது. வந்து நின்ற மனிதர்களைப் பற்றிய அபிப்பிராயமும் அங்கேதான் பழகியது. வீட்டில் தானே தண்ணீர் மொண்டு குடிக்கிற ஆள், டிக்கெட் கைக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து "ஏம்மா, தண்ணி கிடைக்குமா" என்பான். பம்பாய்க்குப் போகிறவன் சென்னைக்குப் போகிறவனை ஏறிட்டும் பார்க்கமாட்டான். திரும்பி வந்ததும் இருவரும் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: ஓட்டல் அறையும் வயிற்று வலியும்.

அவள் இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கீழே இறங்கும். ஆண்டிச்சாமி அதைக் கவனித்து, "அந்த வாயக் கொஞ்சம் நேரா வச்சுக்க தாயி, வர்ற ஆளு ஓடிருவான்" என்பார்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஒரு தை மாதத்தில் வெள்ளைத்துரை படியிறங்கி உள்ளே வந்தார். கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர். மதுரைச் சுற்றுவட்டாரத்துக் குழாயடிகளில் வரிசை கட்டி நின்ற சிவப்புக் குடங்களில் பாதி அவருடையவை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு, மணிக்கட்டில் தங்கக் கடிகாரம்.

"மாலத்தீவுன்னு ஒண்ணு இருக்குதாம்ல" என்றார், ஆண்டிச்சாமியைப் பார்த்து. "அங்க ஒரு தீவு முழுக்க ஒரே ஓட்டலாம். கடல் மேலேயே குடிசையாம். நமக்கு மிஷின் விக்கிற பம்பாய்க்காரன் போயிட்டு வந்து பீத்துறான். கண்டவனும் உள்ள கால் வைக்க முடியாதாம். அங்க போகணும், நானும் வீட்லயும்."

"கண்டவனும் கால் வைக்க முடியாத எடத்துக்கு நாம எப்படி சார் போறது?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

ஆண்டிச்சாமி பலமாக இருமினார். வெள்ளைத்துரைக்குக் கேள்வியின் உள்குத்து எட்டவில்லை. "அதுக்குத்தான உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தத் தீவு செல்லக்கிளியின் உயிரை எடுத்தது. மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கார். அங்கிருந்து மாலேவுக்கு வாரத்தில் சில நாள் மட்டும் பறக்கிற விமானம். அந்த விமான நிலையமே ஒரு குட்டித் தீவு. அங்கே இறங்கினால் ஓட்டல்காரர்களின் மோட்டார் தோணி வந்து கூட்டிப்போகும். தந்தி மேல் தந்தி கொடுத்து, டிரங்க் கால் போட்டு ஒவ்வொன்றையும் கோத்துவைத்தாள். கோத்ததை வெள்ளைத்துரை ஒவ்வொரு வாரமும் வந்து அவிழ்த்தார். சமையல்காரனைக் கூட்டிப் போகலாமா என்றார். ஆட்டுக்கறி உப்புக்கண்டம் ஒரு டின் வருமே, விமானத்தில் ஏற்றுவார்களா என்றார். தோணி என்ற சொல் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"தோணியா? தோணியில போறதுக்கா நான் இம்புட்டுச் செலவழிக்கிறேன்? கப்பல் இல்லையா?"

"தீவைச் சுத்தி ஆழம் கம்மி சார். கப்பல் வராது."

"அது சாயாதுல்ல?"

"சாயாது சார்."

ஒருமுறை கையெழுத்து வாங்க அவருடைய வீட்டுக்கே போனாள். முன்கூடத்தில் நாற்காலிகள் கிடந்தன, உட்காரச் சொல்லவில்லை. காபி வந்தது, ஜன்னல் கட்டையில் வைக்கப்பட்டது. வீட்டாருக்கு வெள்ளி டம்ளர், அவளுக்குக் கண்ணாடி கிளாஸ். அவள் அதைத் தொடாமல் நின்றாள். வெள்ளைத்துரையின் மனைவி அன்னக்கொடி கதவருகே நின்று கிளாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. பட்டுச் சேலையில் கட்டிய மூட்டை என்று செல்லக்கிளி நினைத்துக்கொண்டாள். புருஷனாவது மடையன், இவளுக்கு அதற்குக்கூட வக்கில்லை.

புறப்படுகிற வாரத்தில் பழங்காநத்தம் தொடங்கி கப்பலூர் வரை சுவரெல்லாம் போஸ்டர். 'கடல் கடந்து தீவு காணச் செல்லும் எங்கள் அண்ணன் வெள்ளைத்துரை அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' கீழே அச்சகத்துக்காரன் தன்னிடமிருந்த ஏதோ ஒரு கப்பல் படத்தைப் போட்டிருந்தான். போகப்போவது விமானம்.

"திருவனந்தபுரம் வரைக்கும் நீயும் வா" என்று உத்தரவு போட்டார் வெள்ளைத்துரை. "அங்க எவன்கிட்டயும் நான் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது."

விடியுமுன் கிளம்பவேண்டும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விடிந்து நல்ல நேரம் வரட்டும் என்றார். அது வந்து கிளம்பினால், கப்பலூரில் தொழிற்சாலை வாசலில் பந்தல். குடம் வார்க்கிற ஆட்களையெல்லாம் மெஷினை நிறுத்தி வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாலை, நாதஸ்வரம், போட்டோ. ஒவ்வொருவர் மாலையையும் வாங்கி, ஒவ்வொருவரோடும் கேமராவைப் பார்த்து நின்றார். பின்னால் சாமான் காரில் உப்புக்கண்ட டின்னுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இந்த ஆளு போய்ச் சேருவாரா?" என்று டிரைவர் காளையிடம் கேட்டாள்.

"மாலையெல்லாம் முடிஞ்சா சேருவாரு" என்றான் காளை.

திருநெல்வேலியில் ஒரு சொந்தக்காரர் கடையில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. நாகர்கோவிலில் இலை போட்டுச் சாப்பாடு, சாப்பிட்டபின் ஒரு கண் தூக்கம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது, அவர்கள் ஏறவேண்டிய விமானம் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

வெள்ளைத்துரை, கழுத்தில் வாடிய ரோஜா மாலையோடு, கவுண்டர் ஊழியர்மீது பாய்ந்தார். "நான் யாருன்னு தெரியுமா?"

அந்த ஊழியருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. "தெரியாது சார்" என்றார், மரியாதையாக.

செல்லக்கிளி அவரை ஓரமாக அழைத்துவந்தாள். "அடுத்த விமானம் இந்த வாரமே இருக்கு சார். தந்தி கொடுத்துட்டா குடிசைய வச்சிருப்பாங்க. ஒண்ணும் கெட்டுப்போகல."

வெள்ளைத்துரை வெளியே பார்த்தார். கடல் அங்கிருந்து தெரியாது, காற்றில் அதன் உப்பு மட்டும் இருந்தது. அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையனின் முகமாக இருந்தது அது.

"தோணி ரொம்பச் சின்னதாமே" என்றார் தணிந்த குரலில். "எனக்கு நீச்சல் தெரியாது பொண்ணு."

அவளுக்கு முதன்முறையாக அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வரப்பார்த்தது. அடுத்த பேச்சில் அவரே அதைத் துடைத்தெறிந்தார்.

"போஸ்டரெல்லாம் ஒட்டியாச்சு. திரும்பிப் போனா எவன் மதிப்பான்? நாங்க இங்கேயே கோவளத்துல ஒரு லாட்ஜுல கெடந்துட்டு வாரோம். டிரைவருங்கள நான் பாத்துக்கிறேன். யாரு கேட்டாலும் நாங்க பிளைட் ஏறியாச்சு. புரியுதா? உன்னைக் கவனிச்சுக்கிறேன்."

"என்னை ஒண்ணும் கவனிக்க வேணாம் சார். உங்க கதையச் சொல்லிக்கிட்டுத் திரிய எனக்கு நேரமில்ல."

அன்னக்கொடி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரைக்கு வந்ததும் நடந்ததை ஆண்டிச்சாமியிடம் மட்டும் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வாயத் திறந்துராத" என்றார். "அவரு போயிட்டு வந்ததாச் சொன்னா பின்னாடியே பத்துப் பேரு வருவான்."

அப்படியே ஆயிற்று. வெள்ளைத்துரை திரும்பி வந்தார். தொழிலதிபர்கள் சங்கம் பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு வைத்தது. மேடையில் நின்று தீவை விவரித்தார். கையை நீட்டினால் மீன் துள்ளி வந்து உள்ளங்கையில் உட்காருமாம். தீவின் நடுவில் மலை, மலையிலிருந்து அருவி, அருவியில் வெந்நீராம். ஓட்டல்காரர்கள் அனுப்பிய வண்ணப் படங்கள் செல்லக்கிளியின் மேஜையில் கிடந்தன. தீவு தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. கடைசியில் பயணத்தைச் சிறப்பாக ஏற்பாடு செய்த பெண் என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டை மறுநாள் காலையில் டைப்ரைட்டருக்கு உறையாகப் போட்டாள்.

அடுத்ததாக அரிசி ஆலை விருமாண்டி வந்தார். அவரை விடியுமுன் கிளப்பி, விமானத்தில் ஏற்றி, தோணியில் ஏற்றி, நிஜமாகவே தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். திரும்பி வந்தவர் அலுவலகத்துக்கு வந்தபோது, "அருவி எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டாள்.

விருமாண்டி மின்விசிறியைப் பார்த்தார். "இருந்துச்சு" என்றார். "பெரிய அருவி. வெள்ளைத்துரை சொன்னதுக்கு மேல."

செல்லக்கிளிக்கு உதடு மட்டுமல்ல, முகமே இறங்கிப்போனது. ஒருவன் போகாமல் பொய் சொன்னான். இன்னொருவன் போய்ப் பார்த்துவிட்டு அதே பொய்யைச் சொல்கிறான், அவனைவிடக் குறைவாகப் பார்த்தவன் ஆகிவிடக்கூடாது என்று. இவர்களுக்குத் தீவு எதற்கு, கடல் எதற்கு. ஒரு சுவரும் கொஞ்சம் பசையும் போதுமே.

ஒருநாள் முற்பகலில் அன்னக்கொடி வந்தாள். தனியாக, நூல்சேலையில், கையில் ஒரு பையோடு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திருவனந்தபுரம் பஸ் எத்தன மணிக்கு? அங்க எறங்கி கோவளத்துக்கு எப்படிப் போறது, சொல்லு."

செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு அந்த லாட்ஜ விட்டு வெளிய வரவே இல்ல" என்றாள் அன்னக்கொடி. "மதுரக்காரன் எவனாச்சும் பாத்துருவான்னு பயம். நான் மட்டும் காலையில எந்திரிச்சு கடக்கரைக்குப் போயிருவேன். கால நனச்சுக்கிட்டு நிப்பேன். கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஒருத்தரும் எதுவும் கேக்காம நான் நின்னது அங்கதான். இன்னொரு தடவ போகணும். கேட்டா விடமாட்டாரு. அதான் கேக்கல." பிறகு, "அன்னைக்கு அந்தக் கிளாஸு... நான் வாயத் திறந்திருக்கணும்" என்றாள்.

"பரவால்லக்கா" என்று சொல்ல வந்த செல்லக்கிளி சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அல்ல அது. ஆனால் எழுந்து, தன் குடையை எடுத்துக்கொண்டு, அவளோடு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொடுத்தாள். எங்கே இறங்கவேண்டும், எந்த வண்டியில் மாறவேண்டும், எந்தத் தெருவில் பெண்கள் தனியாகத் தங்கலாம் என்று இரண்டு முறை சொன்னாள்.

அடுத்த நாளே வெள்ளைத்துரை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். உள்ளே விருமாண்டியும், தீவுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த வேறு சிலரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏய் பொண்ணு, என் வீட்டுக்காரி இங்க வந்தாளாமே. எங்க அனுப்பின?"

செல்லக்கிளி டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "தீவுக்குத்தான் சார். நீங்க போயிட்டு வந்தீங்களே, அதே எடத்துக்கு."

அறை முழுவதும் வெள்ளைத்துரையைத் திரும்பிப் பார்த்தது. "தனியாவா? தைரியம்தான்யா" என்றார் விருமாண்டி.

"ஆமா" என்றார் வெள்ளைத்துரை. "நான்தான் போயிட்டு வான்னேன். அவளுக்கு அந்த அருவி புடிச்சுப்போச்சு."

அன்னக்கொடி நினைத்த நாள்வரை இருந்துவிட்டு வந்தாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போனாள்; ஊர் முன்னால் அனுப்பிவைத்ததாகச் சொல்லிவிட்ட மனிதரால் தடுக்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து செல்லக்கிளி ஆண்டிச்சாமியிடமிருந்து விலகி, பழங்காநத்தத்தில் தனியாகக் கடை போட்டாள். தீவு கேட்டு வருகிறவர்களை ஆண்டிச்சாமியிடமே அனுப்பிவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், வேலை தேடிப் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் வேன் பேசிக்கொடுத்தாள். ஊர் பார்க்க என்று யாராவது வந்தால், நாற்காலியைக் காட்டாமலே கேட்பாள்: "பாக்கப் போறீங்களா, பாத்ததாச் சொல்லப் போறீங்களா?"