ஜெயந்தினி சொல்லாமல் விட்டது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஜெயந்தினிக்குத்தான் சிங்களம் சரளம். சின்ன வயதில் பதுளையில் ஒரு சிங்களக் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு நின்றவள். எங்களுக்கெல்லாம் கடையில் பருப்பு, சீனி கேட்கிற அளவுக்குத்தான் அந்தப் பாஷை வாயில் வரும். அதனால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். கொழுந்தெடுக்கிற வேலையை விட்டுவிட்டு வருவாள், ஒரு பிளேன் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. வலியில் முனகுகிறவர்களிடமும், "பேசுறதுக்கு நானு, வலிக்கிறதுக்கு நீயா?" என்று கிண்டல் பண்ணுவாள். சுவர் ஒட்டின பக்கத்துக் காம்பராக்காரி நான், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

அம்மா செத்தபோது அவள் தம்பி அஜந்தன் கைப்பிள்ளை. அவனை வளர்க்கவென்றே கலியாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அவன் வளர்ந்து கொழும்பில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனான். நமுனுகுலப் பக்கம் யசோதினியைப் பார்த்துக் கட்டிவைத்தாள். பெண்டாட்டியை அக்காவிடம் விட்டுவிட்டு அவன் திரும்பவும் கொழும்புக்கே போனான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். யசோதினி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஜெயந்தினி லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள். அந்தப் பிள்ளைதான் இனி அவளுக்கு உலகம்.

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் யசோதினிக்குச் சிபிலிஸ் என்று வந்தது. கிளினிக்கில் நர்ஸ் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னாளாம்: பயப்பட வேண்டாம், ஊசியில் குணமாகும், பிள்ளையும் தப்பிக்கும். ஆனால் புருஷனும் வந்து மருந்தெடுக்க வேண்டும், அதுவரை சேரக் கூடாது, சேர்ந்தால் திரும்பவும் தொற்றும், பிள்ளை வயிற்றிலேயே செத்தும் போகலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஜெயந்தினி யசோதினியிடம் திரும்பி, இரத்தத்தில் கிருமி இருக்கிறதாம், ஊசி போட்டால் சரியாகிவிடுமாம் என்று மட்டும் சொன்னாள். புருஷன் எங்கே என்றதற்கு வெளிநாட்டில் என்று சிங்களத்தில் பொய் சொன்னாள். இதெல்லாம் பின்னால் அவளே என்னிடம் தலையிலடித்துக்கொண்டு அழுது சொன்னது.

பாவி, ஏன் இப்படிச் செய்தாள்? எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவள் மனசில் ஓடியதும் தெரியாமலில்லை. அந்த நோய் கெட்டுப்போனவளுக்கு வருவது என்றுதான் எங்கள் லயத்தில் பேச்சு. கொழுந்து மலையையும் கோயிலையும் தவிர எங்கும் போகாத யசோதினிக்கு வந்திருக்கிறதென்றால் கொண்டுவந்தது அஜந்தன்தான். அவனிடம் எப்படிக் கேட்பாள்? குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்திருந்தாலும் மீசை முளைத்த தம்பியிடம் அந்தப் பேச்சை எடுக்கிற அக்காள் எங்களில் கிடையாது. பெண்டாட்டியிடம் சொன்னால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று வேறு பயம். ஊசி போட்டாயிற்று, தம்பி வந்ததும் யாரையாவது பிடித்துச் சொல்லவைக்கலாம் என்று நாளைத் தள்ளினாள். பின்னால் எல்லாம் முடிந்த பிறகு அஜந்தனும் போய் ஊசி போட்டுக்கொண்டான், இரண்டு பேருக்கும் குணமாகிவிட்டது. அவ்வளவு லேசான காரியம் அது.

தீபாவளிக்கு அஜந்தன் வந்தான். ஆள் வாட்டசாட்டமாக இருந்தான், உடம்பில் ஒரு குறை தெரியவில்லை. நான் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஜெயந்தினி அவனைத் தனியே கூப்பிட்டதைப் பார்த்தேன். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் என்னாக்கா என்று சிரித்தான். கறிக்கு மிளகு வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு யசோதினியிடம், லீவு முடிகிறவரை தன்னோடு வந்து படுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாளாம். "என்னா மதினி, அவரு வந்திருக்கிற நேரத்துலயா" என்று அது வெட்கப்பட்டுப் போய்விட்டதாம். மறு பரிசோதனைக்குப் போனால் புருஷன் வந்துபோனது வெளியே வந்துவிடும் என்று, மழையைச் சாட்டி அதையும் தள்ளிப்போட்டாள்.

பொங்கல் கழிந்து அஜந்தன் கொழும்புக்குப் போனபின் ஒரு காலையில் வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்றாள் யசோதினி. நாங்கள் இருவரும் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை வயிற்றிலேயே செத்திருந்தது. பிரசவம் முடிந்து, அவள் கண் திறக்குமுன் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இரத்தத்தைத் திரும்பவும் பார்த்தார்கள், நோய் திரும்பத் தொற்றியிருந்தது. மறுநாள் டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கோபமில்லாமல்தான், ஏதோ கேட்டார். ஜெயந்தினி யசோதினி பக்கம் திரும்பினாள்.

"புருசன் மருந்தெடுக்காம சேரக் கூடாது, சேந்தா புள்ளைக்கு ஆபத்துன்னு மொதல்லயே சொன்னோமே, ஏன் கேக்கலன்னு கேக்குறாங்க" என்றாள்.

யசோதினி அவளைப் பார்த்தாள். "எனக்கு யாரு மதினி அத சொன்னா?"

என்ன சொல்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். ஜெயந்தினி நினைத்திருந்தால் அதையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம், அங்கே யாருக்குத் தெரியும்? அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள். எனக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் பார்வை யசோதினியை விட்டு ஜெயந்தினி மேல் திரும்பியதைப் பார்த்தேன். தான்தான் மறைத்ததாகச் சொல்லியிருக்கிறாள். அதையே தமிழிலும் யசோதினியிடம் சொன்னாள், நின்றபடியே சொன்னாள்.

யசோதினி கத்துவாள், அடிப்பாள் என்று நான் பயந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்துவிட்டு நகரப் போனபோது யசோதினி ஜெயந்தினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறந்தது பொண்ணா பையனான்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க மதினி. மாத்தாம சொல்லுங்க."

ஜெயந்தினி கேட்டாள். பெண் பிள்ளை என்று சொன்னாள்.