வால் வைத்த மஞ்சள் கோடு

கவரைப்பேட்டை விக்டோரியாவுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. ஜப்பானுக்குப் போகும் கார் பிரேக் செட்டில் நான்கு போல்ட்டுகளை முடுக்குவாள். ஒவ்வொன்றையும் முடுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் மார்க்கரால் கோடு இழுப்பாள். சூப்பர்வைசர் எத்தனை கத்தினாலும் அவள் கோட்டின் கடைசியில் ஒரு சின்ன வால் வந்துவிடும்.

கம்பெனி பஸ்ஸில் இப்போதெல்லாம் யாரும் பேசுவதில்லை. ஆளாளுக்குப் போனில் ஜப்பான் சீரியல், தமிழ் டப்பிங்கில். ஹெட்செட் என்று ஒன்று இருப்பதே எவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. அன்று சாயங்காலம் புது எபிசோடு. பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய காரின் அடியில் போலீஸ்காரர் டார்ச் அடித்தார். மூன்று போல்ட்டுகளில் மஞ்சள் கோடு. மூன்றுக்கும் வால். நான்காவது மொட்டை.

"சோனியா, அது நான் போட்ட கோடுடி."

பக்கத்து சீட்டு சோனியா சிரித்தாள். "பேஜாரு பண்ணாதக்கா. எவளோ ஜப்பான்காரி போட்டிருப்பா."

மூன்று வருஷத்துக்கு முன் மார்க்கர் தீர்ந்து, வேறு எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு செட் பெல்ட்டில் நகர்ந்து போய்விட்டது. நான்காவதை முடுக்கினாளா என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

போலீஸ்காரர் நிமிர்ந்து நேராகப் பார்த்தார். "இதை முடுக்கினது யாரு?"

விக்டோரியா தன் போனை அணைத்தாள். முன் சீட்டுப் போன் கேட்டது, "இதை முடுக்கினது யாரு?" பின்னால் இன்னொன்று கேட்டது. ஒவ்வொரு போனாக, பஸ் முழுக்க அதே குரல். கடைசியாகக் கேட்டது சோனியாவின் போன். சோனியா அதைப் பார்க்கவில்லை. விக்டோரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.