கதவு கட்டிய வீட்டில் ஒரு ஜன்னல்

பெற்றோர் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது அவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் வைக்கிறார்கள். வேலையிடத்தில் வைக்கும் பெயர் அப்படியல்ல. தீர விசாரித்து, ஆதாரத்தோடு வைக்கப்படுவது. குளிர்பதனக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்த அந்த மனிதருக்கு அங்கே 'கதவு' என்று பெயர். உருளைக்கிழங்கு மூட்டையோடு எவன் உள்ளே நுழைந்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் "கதவு, கதவு" என்று ஒரு குரல் கேட்கும். மூட்டையை இறக்குவதற்குள் இன்னொரு தடவை கேட்கும். குளிர் வெளியேறுவது அவருக்குத் தன் உடம்பிலிருந்து ரத்தம் வெளியேறுவது மாதிரி. உலகத்துக் கெடுதல்கள் யாவும் எங்கோ யாரோ கதவைச் சாத்தாமல் போனதால் விளைந்தவை என்பது அவர் கண்ட தத்துவம். அவர் பேச்சைக் கேட்டவை பெரும்பாலும் கிழங்குகள் என்பதால், தத்துவத்துக்கு அங்கே எதிர்ப்பு எழவில்லை.

வீட்டில் எழுந்தது. அவர் மனைவி தையற்காரி. கடைத்தெருவில் ஒரு மாடிக் கடையில், தையல் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே உட்கார்ந்து, பிறர் உடம்பின் கோணல்களை அளந்து, அதை வெளியே சொல்லாமல் துணியில் சரிக்கட்டுகிறவள். அந்தப் பழக்கத்தில் கணவரையும் என்றோ அளந்து முடித்திருந்தாள். சரிக்கட்டத்தான் துணி போதவில்லை.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான்கு வாடகை வீடுகள். நான்கிலும் அடுப்பங்கரையில் அவள் முகத்துக்கு எதிரே சுவர். முதல் வீட்டுச் சுவரில் முன்பு குடியிருந்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டாவதில் ஒரு விரிசல். குடிபோனபோது பல்லி அளவு இருந்தது, காலி செய்தபோது உடும்பாகியிருந்தது. மூன்றாவதில் யாரோ பென்சிலால் எழுதிவிட்டுப் போன ஒரு தொலைபேசி எண். அது யாருடையதாக இருக்கும் என்று பாத்திரம் தேய்த்தபடியே ஆறு வருடம் யோசித்திருக்கிறாள். நான்காவதில் எதுவுமே இல்லை. நான்கில் அதுதான் மோசம்.

ஆகவே சொந்தமாக ஒரு மனை அமைந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல ஒரு ஜன்னல் வேணும். தெரு தெரியணும். வேற எதுவும் கேக்க மாட்டேன். மொட்டை மாடியக்கூட நீங்களே வச்சுக்கங்க."

"நோட்டுல எழுதிட்டேன்," என்றார் கதவு.

எழுதியும்தான் இருந்தார். அந்த நோட்டின் மகிமையே அதுதான். ஒரு விஷயத்தை அதில் எழுதிவிட்டால், பிறகு அதை நினைவில் வைத்திருக்கும் தொல்லையிலிருந்து அவருக்கு விடுதலை.

வீட்டைச் செங்கல்லில் கட்டும் பேச்சுக்கே இடமில்லை. செங்கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டியதும் கக்குகிற பொருள். அதை நம்பிப் பிழைப்பவர்கள் கொத்தனார்கள். கொத்தனார்களில் ஒருவர் மனைவியின் அண்ணன். இம்மூன்றில் எது முதல் காரணம் என்பதை அவர் நோட்டில் குறிக்கவில்லை.

அவர் கண்டுபிடித்த முறை வேறு. இரண்டு தெர்மாகோல் பலகைகள், நடுவே ஒரு சாண் இடைவெளி, இரண்டையும் பிரியாமல் பிடித்திருக்கப் பிளாஸ்டிக் விலா எலும்புகள். இப்படிச் செய்த கட்டைகளைக் குழந்தை விளையாட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியில் கம்பி நிறுத்தி, மேலிருந்து கான்கிரீட்டை ஊற்றினால் சுவர் தயார். தெர்மாகோலைப் பிரித்தெடுப்பதில்லை, சுவருக்கு உள்ளே பனியனாகவும் வெளியே சட்டையாகவும் அது அப்படியே நின்றுவிடும். வெயில் வெளியே, குளுமை உள்ளே. இருபத்திரண்டு வருடம் எந்தக் கிடங்கிலிருந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்று மணி பார்த்தாரோ, அதே கிடங்கைத்தான் அவர் தனக்கு வீடாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். இதை லட்சியம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கட்டைகள் லாரியில் வந்திறங்கிய அன்று கொத்தனாரும் வந்தார். ஒன்றை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ளே, டிவிய வச்சுக்கிட்டு உறைய மட்டும் அனுப்பிட்டாங்க போலிருக்கே."

"உங்க தொழிலுக்கு இது புரியாது மச்சான். இது விஞ்ஞானம்."

"புரியாம என்ன. காத்தடிச்சா வீட்டத் துரத்திக்கிட்டு ஓடணும், அவ்வளவுதானே."

கொத்தனாரும் ஒன்றும் லேசுப்பட்டவரல்ல. முப்பது வருடம் தூக்குக்குண்டைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் கொஞ்சம் சாய்ந்தே நிற்பதாக நம்புகிற பேர்வழி. தங்கை வீடு நன்றாக வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. தான் கட்டாத பட்சத்தில் அந்த ஆசை சற்றுத் தளர்ந்திருந்தது.

இந்த வகைக் கட்டுமானத்தில் ஓட்டையை முதலில் யோசிக்க வேண்டும். ஜன்னல் வருகிற இடத்தில், சுவரின் கனத்துக்கு, அடியும் மூடியும் இல்லாத ஒரு மரப்பெட்டியைச் செருகிவிட வேண்டும். கான்கிரீட் அதைச் சுற்றிக்கொண்டு போகும். செருக மறந்தால் அந்த இடமும் கம்பியோடு சேர்ந்து பாறையாகிவிடும். செங்கல் சுவர் என்றால் ஓர் உளியும் அரை நாளும் போதும். இங்கே மன்னிப்பு கிடையாது.

தச்சர் எட்டுப் பெட்டிகள் செய்தார். காலர் தைத்து முடித்த பிறகு கழுத்து எங்கே என்று தேடுகிற ஆட்களோடு வேலை பார்த்தவள் தையற்காரி. ஆகவே பட்டறைக்குத் தானே போய், தன் பெட்டியை டேப் வைத்து அளந்து, சட்டத்தின் மேல் நீலச் சாக்கட்டியால் 'சமையல்' என்று எழுதி, இரண்டு அடிக்கோடு போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு பள்ளிக்கூடச் சீருடை காலம் வந்துவிட்டது. மூன்று வாரம் அவளால் மெஷினை விட்டு எழ முடியவில்லை. கதவு தினமும் சாயங்காலம் மனையிலிருந்து திரும்புவார். கட்டைகளை அறுக்கும்போது பறந்த வெள்ளை மணிகள் புருவத்திலும் காதுமடலிலும் ஒட்டியிருக்கும். தலையை ஆட்டினால் டீயில் மிதக்கும்.

"என் ஜன்னல் என்னாச்சு?"

"நோட்டுல இருக்கு."

கான்கிரீட் ஊற்றுகிற நாளில் அவள் லீவு போட்டுவிட்டு, பிளாஸ்கில் டீயோடு போய்ச் சேர்ந்தாள். பம்ப் லாரியின் நீண்ட கை சுவர்களுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. கதவு கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருந்தார். யாரும் ஊதச் சொல்லவில்லை. அவசரப்பட்டு ஊற்றினால் தெர்மாகோல் வெடித்துக் கான்கிரீட் தெருவுக்கு வந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கொத்தனார் தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே கொண்டுவந்து எதிர் மனை நிழலில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சமையலறைக்குள் போனாள். கூரை இன்னும் இல்லை. நான்கு புறமும் வெள்ளை. அறை மாறிவிட்டதோ என்று நினைத்தாள். தொட்டிக்கான தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது, ஆகவே மாறவில்லை. குழாய்க்கு மேலே ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஐந்தாவது சுவர், அவள் வாழ்நாளுக்கான சுவர், நின்றது.

கூடத்துக்கு வந்தாள். வாசலுக்குப் பக்கத்தில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு மரப்பெட்டி செருகியிருந்தது. சட்டத்தின் மேல் நீலத்தில் 'சமையல்'. இரண்டு அடிக்கோடு.

"ஏங்க, இது என்ன?"

"காட்சி ஜன்னல்," என்றார் கதவு, அவள் கேட்பதற்காகவே காத்திருந்தவர் போல. "வர்றவங்க சுவத்தோட உள்பக்கத்தப் பாக்கணும்ல. காஞ்சதும் மரத்தக் கழட்டிட்டுக் கண்ணாடி போட்டுருவோம். தெர்மாகோல், கான்கிரீட், தெர்மாகோல்னு அடுக்கடுக்காத் தெரியும். வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்."

"என்னோட ஜன்னல்?"

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. ஜன்னல்னா என்ன, சூடு உள்ள வர்ற வழி. சமையல்கட்டே ஏற்கெனவே சூடு. எங்க கிடங்குல ஒரு ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கிழங்கு குறை சொன்னதில்ல."

"நான் கிழங்கில்ல."

கதவு நோட்டை எடுத்தார். நெருக்கடியில் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பது போல அவருக்கு அது. "எல்லாம் இதுல முறைப்படி இருக்கு" என்று புரட்டியவர் கையிலிருந்து அவள் அதை வாங்கிப் பார்த்தாள். 'சமையலறை ஜன்னல் - 1' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக்.

"டிக் போட்டிருக்கு."

"அது எழுதினதுக்கு," என்றார் கதவு.

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணும்னா வீடு முடிஞ்சதும் வெட்டிக்கலாம்," என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னபோது, கான்கிரீட் ஆட்களின் மேஸ்திரி சுவர்மேலிருந்து குனிந்தார்.

"முடிஞ்சதும் வெட்டறதுன்னா வைர பிளேடு மெஷின் வரணும் சார். அப்பவும் நேரா வருமான்னு என்னால சொல்ல முடியாது." பிறகு அவளைப் பார்த்தார். "அக்கா, முதல் சுத்து இடுப்பளவுதான் ஊத்துவோம். ஒரேயடியா ஊத்துனா கட்டை வெடிச்சிரும்."

"வெடிக்குமா?" என்று எதிர் மனையிலிருந்து ஆவலாக ஒரு குரல் கேட்டது.

"ரெண்டாவது சுத்து சமையல்கட்டுப் பக்கம் வர ஒரு மணி நேரமாகும். அதுக்குள்ள பெட்டி அங்க இருந்தா ஜன்னல். இல்லேன்னா சுவரு. அவ்வளவுதான் என் கையில இருக்கு."

"ரம்பம் எங்க இருக்கு?" என்றாள் தையற்காரி.

கைப்பையில் டேப்பும் சாக்கட்டியும் எப்போதும் இருக்கும். முதல் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச் சுவரில் நான்கு கோடு இழுத்தாள். மேசையில் விரித்த துணியைக்கூட அவள் அவ்வளவு நிதானமாகக் குறித்ததில்லை. தெர்மாகோல் ரம்பத்துக்குக் கரகரவென்று வழிவிட்டது. உள்ளே போட்டிருந்த கம்பியை மேஸ்திரியின் ஆள் வெட்டியெடுத்து, திறப்பின் ஓரங்களுக்கு வேறு கம்பி கட்டினான். அவள் தலையெல்லாம் வெள்ளை மணிகள்.

"அண்ணே, உக்காந்தது போதும். அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வா."

"எனக்கு முழங்கால் வலிம்மா."

"முழங்காலால தூக்க வேணாம்."

கொத்தனார் தூக்கினார். விஞ்ஞானத்தின் கண்காட்சியைச் சுவரிலிருந்து பிடுங்குவதில் அவருக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்ததாகவே தெரிந்தது. பெட்டி சமையலறைச் சுவரில் உட்கார்ந்தது. அமுங்காமலிருக்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பலகை அடித்தார்கள்.

கூடத்தில் இப்போது ஒரு பொத்தல். அதே அளவில் சமையலறையிலிருந்து அறுத்தெடுத்த துண்டுகள் கையில் இருந்ததால் அவற்றையே ஒட்டுப்போட்டு, இரு பக்கமும் பிளைவுட் பலகை வைத்து, முட்டுக் கொடுக்க வேண்டியதுதான். வெளிப்பக்கத்துக்கு முட்டு இருந்தது. உட்பக்கத்துக்கு ஒன்று குறைந்தது. முட்டுகளை எண்ணி வரவழைத்தது நோட்டு.

"பம்ப் கூடத்துப் பக்கம் வந்துருச்சு," என்றார் மேஸ்திரி. "யாராவது சாஞ்சு நின்னாத்தான் தாங்கும்."

கொத்தனார் தன் நாற்காலியை அதற்குள் கூடத்துக்கே மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தன் காட்சி ஜன்னலை அடைத்த பலகையில் முதுகை வைத்து, காலை ஊன்றினார்.

கான்கிரீட் இறங்கியது. பலகைக்கு அப்பால் ஈரமான ஏதோ ஒரு பெரிய மிருகம் புரண்டு படுப்பது போலிருந்தது. அவர் செருப்பு ஒரு விரல் அளவு வழுக்கியது.

"வெளிய வருதா மாப்ளே?"

"வராது மச்சான்."

"அசையாதீங்க. சாத்துன கதவு மாதிரி நில்லுங்க."

பம்ப் கூடத்தைத் தாண்டி வந்தபோது தையற்காரி சமையலறையில் பெட்டியின் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பம்பின் குழாய் சுவருக்கு மேலே வந்தது. சாம்பல் நிறக் கூழ் பெட்டியின் இரு பக்கமும் இறங்கியது. மரம் ஒரு தடவை முனகியது. குறுக்குப் பலகை ஒன்று லேசாக வளைந்தது. மேஸ்திரி கையைக் காட்ட, பம்ப் நின்றது. மெதுவாக மறுபடி தொடங்கியது. கூழ் ஏறி, பெட்டியின் தலையை மூடி, மேலே போய்விட்டது. பெட்டிக்கு நடுவே தெருவின் ஒரு துண்டு இருந்தது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவள் பிளாஸ்கைத் திறந்து, மேஸ்திரிக்கு முதலில் டீ ஊற்றினாள்.

வீடு முடிந்தது. கொத்தனாருக்கு வருத்தம், சுவர் வெடிக்கவில்லை. ஆனால் கூடத்தில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு நடுத்தர வயது ஆண் முதுகின் அளவுக்கு அது உப்பியிருந்தது. எத்தனை தடவை பட்டி பூசித் தேய்த்தும் அது மறையவில்லை. கேட்பவர்களிடம் அதுதான் சுவரின் பலம் வந்து கூடுகிற இடம் என்று கதவு விளக்கினார். சிலர் தொட்டுப் பார்த்தார்கள்.

சுவரின் கனத்தைக் காட்ட அவருக்கு இப்போது ஒரே இடம்தான். வருகிறவர்களை வெளியே சுற்றி அழைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போவார். உள்ளே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவர் விளிம்பில் முழங்கையை ஊன்றி, சாண் போட்டுக் காட்டி, கிடங்கில் ஆரம்பித்து மனிதகுலம் வரை போவார். அப்படி ஒரு நாள், "இந்தச் சமையல்கட்டுல ஜன்னல் வைக்கணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்," என்று அவர் ஒரு விருந்தாளியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவள் கையை உதறிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று புகக்கூடாதென்று அந்த இரட்டைக் கண்ணாடியைத் தேடிப் பிடித்து வாங்கியவர் அவர்தான். வெளியே அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. விருந்தாளி தலையாட்டினார். ஒரு சொல்கூட உள்ளே வரவில்லை. அருமையான கட்டுமானம்.

அவர் தோள் மட்டும் தெருவில் பாதியை மறைத்தது. ஈரக் கையால், கொஞ்சம் நகருங்கள் என்று காட்டினாள். அவர் நகர்ந்தார்.