எலுமிச்சை அளவு ஆலங்கட்டி

பழவேற்காட்டில் ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில் நான் அந்தக் கோட்டையில் துபாஷியாக இருந்தேன். துணி வாங்குகிறவர்களுக்கும் நெய்து கொண்டுவருகிறவர்களுக்கும் நடுவில் நின்று, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் எடுத்துச் சொல்வது வேலை. பகலெல்லாம் பிறர் பேச்சைப் பேசி அலுத்துப்போய், என் பேச்சைப் பேசுவதற்காகச் சாயங்காலம் படகுத்துறைக்குப் போவேன். என் பேச்சு என்றால் அது வானத்தைப் பற்றியது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் ஒரு பைத்தியம். சாப்பிடும்போது இடிச் சத்தம் கேட்டால் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடிவிடுவேன். "மழை என்ன உங்க சம்பந்தியா, வாசல்ல நின்னு வரவேற்க?" என்று என் மனைவி கேட்பாள்.

படகுத்துறையில் எனக்கு ஏற்ற ஆள் ஒருவர் இருந்தார். வெளிக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிவரும் படகுக்கு அவர்தான் தண்டேல். கயிற்றால் பலகைகளைத் தைத்த பெரிய படகு; அலையில் மோதினால் உடையாது, வளைந்துகொடுக்கும். படகோட்டிகள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள். அவரோ எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் என்னைப் போலவே கிறுக்கு. அவரை மிஞ்சியவர் அவர் மனைவி. கடலோரக் குப்பத்தில் மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்பவர். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகுதான் எங்கள் மூவருக்கும் சபை.

சபையில் பேச்சு பெரும்பாலும் ஒன்றேதான்: எந்தப் பருவம் நல்ல பருவம்?

தண்டேலுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மழைத் தண்ணீர் ஏரியில் ஏறி, முகத்துவாரத்து மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும் நாளை அவர் கல்யாணத்தைப் போல வர்ணிப்பார். "கடலும் ஏரியும் ஒண்ணா சேந்துக்கும். அப்பால பாரு, எறா உள்ள வரும் பாரு, வலைய தூக்க முடியாது" என்பார்.

"ஆமா, அந்த எறாவ எங்க காயவைக்கறது? உன் தலையிலயா?" என்பார் மனைவி. அவருக்குச் சித்திரை, வைகாசிதான். "கத்திரி வெயில்ல காலைல போட்டா சாயந்திரத்துக்குள்ள எலும்பு மாதிரி காஞ்சிடும். புழுவும் கிடையாது, நாத்தமும் கிடையாது. வெயில் மாதிரி கூலி கேக்காத வேலைக்காரன் யாரு கீறான்?"

நான் தை, மாசி என்பேன். ஏரி மேல் காலைப் பனி, தண்ணீரில் நிற்கும் பூநாரைகள், வேர்வையும் இல்லை, சேறும் இல்லை. அதைச் சொன்னதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகிவிடுவார்கள்.

"அது ஒரு பருவமா துபாஷியாரே? உப்பு போடாத கூழு அது" என்பார் தண்டேல். அவர் மனைவியும் தலையாட்டுவார். அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

பருவம் முடிந்தால் பயங்கரம். யார் பார்த்தது பெரியது என்ற போட்டி. கல்யாணமான புதிதில் அடித்த புயலைப் பற்றி தண்டேல் சொல்வார். வாடைக்காற்று திடீரென்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பியதாம், கடல் மணல்மேட்டைத் தாண்டி ஏரிக்குள் குதித்ததாம், விடிந்து பார்த்தால் பனைமரத்தின் தலையில் ஒரு படகு உட்கார்ந்திருந்ததாம்.

"வலை," என்று மனைவி திருத்துவார். "மரத்துல தொங்குனது வலை. வருஷா வருஷம் அது வளந்து வளந்து இப்ப படகாயிடுச்சு."

அவருடைய கதை வறட்சிக் கதை. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வருஷம் ஏரியே வற்றிப்போய், தரை வெடித்து, உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்ததாம். குப்பத்திலிருந்து அக்கரைக்கு அவர் தன் நைனாவோடு நடந்தே போனாராம். அங்கங்கே குட்டையில் மாட்டிக்கொண்ட மீனைக் கீரை பறிப்பது போலக் கையால் பறித்தார்களாம். "கண்ணத் தொறக்க முடியல. அவ்ளோ வெளிச்சம். அந்த மாதிரி இன்னொரு தபா பாக்கணும்" என்று அவர் ஆசையாகச் சொல்வார்.

இப்படி இருந்த சபைக்குத்தான் நான்காவது ஆள் வந்தார். கோட்டையின் வெடிமருந்துச் சாலைக்கு மேற்பார்வையாளராகக் கப்பலில் வந்து இறங்கிய உலாந்தாத் துரை. நெட்டையான மனிதர். எங்கள் வெயிலில் முகம் வேகவைத்த நண்டு போலச் சிவந்துவிட்டது. மருந்தை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஒரு தூறல் விழுந்தாலும் எல்லாம் வீண். அதனால் நாளைக்கு மழை வருமா என்று சொல்லக்கூடிய ஆள் யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார். நான் அவரைத் துறைக்கு அழைத்துப்போனேன்.

தண்டேல் மேற்கே பார்த்துவிட்டு, "வராது" என்றார். மனைவி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வரும்" என்றார். துரை இரண்டு பேரையும் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் மழை வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். நாலு துளி விழுந்தது. அதை வைத்தே இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அன்றிலிருந்து துரை தினமும் வர ஆரம்பித்தார். முதலில் வேலைக்காக வந்தார். பிறகு பேச்சுக்காக வந்தார். தண்டேலின் மனைவி சுட்டுக் கொடுக்கும் வாளைக் கருவாடும் ஒரு காரணம்.

ஒருநாள் அவர் முறை வந்தது. அவருக்கு எந்தப் பருவம் பிடிக்கும் என்று தண்டேல் கேட்கச் சொன்னார். துரை யோசிக்கவே இல்லை. தங்கள் ஊர்க் குளிர்காலம் என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு நடுவே ஓடும் கால்வாய் உறைந்துவிடும், காலில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள், ஒரு வருஷம் அதன் மேலேயே அடுப்பு மூட்டிப் பலகாரம் சுட்டு விற்றார்கள் என்றார்.

கோட்டையில் எங்களுக்குப் பொதுவாக இருந்தது, முன்பு வந்த போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன அரைகுறைப் பறங்கி மொழி. அதில் துணி பேசலாம், மிளகு பேசலாம். உறைந்த தண்ணீரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது வரவில்லை. "அவங்க ஊர்ல பனி மேல நடப்பாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் பனி என்றால் புல்லில் இருப்பது, காலையில் ஏரி மேல் புகையாக நிற்பது.

"பனி மேல நாங்களும்தான் நடக்கறோம்" என்றார் தண்டேல்.

நான் திருத்தினேன். "தண்ணி கல்லு மாதிரி ஆயிடுமாம். அது மேல அடுப்பு மூட்டுவாங்களாம்."

தண்டேலின் மனைவி கருவாட்டைக் கீழே வைத்தார். "தண்ணி மேல நெருப்பா? இன்னா துபாஷியாரே, தொரை நம்மள இன்னானு நெனச்சிக்கினு கீறாரு? எங்க ஆளு படகதான் மரத்துல ஏத்துனாரு. இவரு அடுப்பையே தண்ணில ஏத்தறாரு."

கணவரும் மனைவியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். துரையின் முகம் விழுந்துவிட்டது. சரியாகச் சொன்னாயா என்று என்னை மூன்று முறை கேட்டார். சரியாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. அதன் பிறகும் அவர் வந்தார், கருவாடு தின்றார், ஆனால் குளிர்காலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம், கப்பல் ஒன்று வந்திருந்ததால் தண்டேல் வெளிக்கடலுக்குப் போயிருந்தார். கப்பல் சரக்கைப் பார்வையிட நானும் துரையும் குப்பத்து மணலில் படகு திரும்பக் காத்திருந்தோம். சற்றுத் தள்ளித் தண்டேலின் மனைவி நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். காற்று செத்துப்போய்க் கிடந்தது. மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்தது. அப்போது மேற்கே, ஏரிக்கு அப்பால், ஒரு மேகம் எழுந்தது. கறுப்பு என்று சொல்ல முடியாது. அடிப்பக்கம் பாசி நிறம். அப்படி ஒரு நிறத்தை நான் வானத்தில் பார்த்ததில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. நெத்திலி இலையைப் போலப் பறந்தது. "அள்ளுங்க, அள்ளுங்க" என்று அந்த அம்மாள் கத்த, கோட்டைத் துபாஷியும் வெடிமருந்துத் துரையும் மண்டியிட்டு மீன் அள்ளினோம். ஒரு கூடை கூட நிரம்பவில்லை, என் முதுகில் யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொன்று மணலில் விழுந்து குதித்தது. வெள்ளையாக, உருண்டையாக.

நானும் அம்மாளும் கட்டுமரங்களை நிறுத்தியிருந்த ஓலைச்சார்ப்புக்குள் ஓடினோம். துரை ஓடவில்லை. மணல் முழுக்க வெள்ளைக் கற்கள் விழுந்துகொண்டிருக்க, அவர் நடுவில் நின்று, ஏதோ தன் தாய்மொழியில் கத்திக்கொண்டு, தொப்பியைக் கழற்றி அதில் பொறுக்கிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையில் ஒன்று பட்டென்று விழுந்தது. தடவிக்கொண்டு மேலும் பொறுக்கினார். தொப்பி நிறைய எடுத்துக்கொண்டு சார்ப்புக்குள் வந்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்து அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

அம்மாள் கையை உதறப் பார்த்தார். பிறகு உதறவில்லை. "சுடுது," என்றார். "இல்ல, சுடல. இது இன்னா இது." விரலால் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்தார். "தண்ணி" என்றார் மெல்ல. "துபாஷியாரே, இது தண்ணி."

ஆலங்கட்டி என்ற வார்த்தை எங்களுக்குத் தெரியாதது அல்ல. உள்நாட்டுப் பக்கம் எப்போதாவது புளியங்கொட்டை அளவில் விழும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலோரத்தில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். பல் கூசியது. துரை என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஊர் முழுக்க இது, பூமி முழுக்க இது" என்று கையை விரித்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது மேல நடக்கலாம் தொரை. கண்டிப்பா நடக்கலாம்" என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மழை விட்டதும் அம்மாள் பெரிய கற்களாகப் பார்த்து ஒரு சட்டியில் போட்டு, மேலே உமியைக் கொட்டி மூடினார். புருஷனுக்குக் காட்ட வேண்டுமே. ஆனால் அலை அடங்கித் தண்டேல் கரைக்கு வர வெகுநேரம் ஆகிவிட்டது. அவர் வந்ததும் அம்மாள் ஓடிப்போய்ச் சட்டியை நீட்டினார். உள்ளே ஈர உமி இருந்தது.

தண்டேல் விரலை விட்டுக் கலக்கினார். "இன்னாமே இது, மாட்டுக்கு வெக்கிறதா?"

"கல்லு மழ பேஞ்சுதுய்யா. எலுமிச்சங்கா அளவு."

"நானும் அதே வானத்துக்குக் கீழதான் இருந்தேன். கப்பலாண்ட நாலு தூறல்தான்."

"நான் கையில வச்சேன். தின்னும் பாத்தேன்."

"எலுமிச்சங்காவா," என்று தண்டேல் தலையை ஆட்டினார். "வர வருஷம் அது தேங்காயாயிடும்."

துரையும் நானும் சாட்சி சொன்னோம். ஒருவர் தண்ணீரில் அடுப்பு வைக்கிற ஊர்க்காரர், இன்னொருவர் இடிக்கு எச்சில் கையோடு ஓடுகிறவர் என்று தண்டேல் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டார். சில நாள் வரை சபையில் மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். துரைக்கு அது ஒரு திருவிழா. அவரிடம் அம்மாள் குளிர்காலத்தைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டார். அந்தக் கல் மேல் மீன் வைத்தால் எத்தனை நாள் கெடாது என்று கேட்டார். மாதக்கணக்கில் கெடாது என்று துரை சொன்னதும், "அப்ப உப்பே தேவையில்ல" என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கரையிலிருந்து நெல் ஏற்றிவந்த ஒரு விவசாயி, அதே மத்தியானம் தன் ஊரில் விழுந்த கற்களால் கூரை ஓடுகள் உடைந்தன, ஒரு ஆடு செத்தது என்று படகுத்துறையில் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய கல் என்று தண்டேல் கேட்டார். விவசாயி விரலை வளைத்துக் காட்டினார். எலுமிச்சையை விடப் பெரிதாகவே இருந்தது.

தண்டேல் எங்கள் பக்கம் திரும்பி, "நான்தான் சொன்னனே, கடலுக்கு மேல அது வுழாது, கரையில வுழும்னு" என்றார்.

அம்மாள் கூடையிலிருந்த ஈரத்துணியை எடுத்து அவர் மேல் எறிந்தார்.

துரைக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது ஒரு தை மாதத்தில். கிளம்புகிற காலையில் ஏரியும் கடலும் தெரியாமல் பனி மூடியிருந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. பனி விலகட்டும் என்று தண்டேல் சொல்லிவிட்டதால் நாங்கள் நால்வரும் கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்தோம். இப்போது ஊருக்குப் போய்க் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிறீர்களே, சந்தோஷம்தானே என்று நான் கேட்டேன். துரை தோளைக் குலுக்கினார். "பிற்பகலில் இங்கே தெற்கிலிருந்து சோழகம் வந்து சட்டையைத் தூக்குமே, அந்த நேரம்தான் எனக்கு இப்போது பிடித்தது" என்றார்.

நான் அதைச் சொன்னதும், "அது பருவமில்ல தொரை, காத்து" என்றார் அம்மாள். ஆனாலும் ஒரு கட்டு வாளைக் கருவாட்டை அவர் மடியில் வைத்தார்.

வெயில் ஏறியதும் கப்பல் தெரிந்தது. தண்டேல் குரல் கொடுக்க, படகு அலையை ஏறி இறங்கிப் போயிற்று. மூன்றாவது அலையில் துரை முழுக்க நனைந்துவிட்டார் என்றும், நனைந்ததும் பாட ஆரம்பித்துவிட்டார் என்றும் தண்டேல் திரும்பி வந்து சொன்னார்.

சபை மறுநாளும் கூடியது. மழைக்கு ஒருவர், வெயிலுக்கு ஒருவர் என்று பேச்சு ஏறியது. குளிர்காலத்துக்காகப் பேச ஆள் இல்லாததால் அதை நான் எடுத்துக்கொண்டேன். உறைந்த கால்வாயையும் இரும்புத் தகட்டையும் நான் வர்ணித்தபோது, எதையும் கண்ணால் பார்த்திராத என்னை அந்த அம்மாள் ஒரு இடத்தில்தான் நிறுத்தினார். பலகாரம் சுட எண்ணெய் என்ன எண்ணெய் என்று கேட்டார். அதைத் துரையிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன். நல்லெண்ணெய் என்று சொல்லிவிட்டேன்.